சாவி ஒருவரிடம், கையெழுத்து ஒருவரிடம்

ஃபைல் கிடைத்தால் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், கிடைக்காவிட்டால் ஆபீஸே நம் பெயரைத் தெரிந்துகொள்ளும். ரெக்கார்டு ரூமில் குப்பை கொட்டிய சக தூசிதின்னிகளுக்கு இது புரியும்.

புது அதிகாரி

தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். எந்த ஃபைலையும் இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அங்கே மயிலாப்பூர் ராமநாதன் ரெக்கார்டு அதிகாரியாக வந்து சேர்ந்தார். ஃபைலை யார் பார்க்கலாம், எத்தனை வருஷம் வைக்கலாம், யார் சொல்லி அழிப்பது என்று அடுக்கினார். எல்லாவற்றுக்கும் நான் சாவிக்கொத்தைக் காட்டினேன்.

"சாவி உம்மகிட்ட இருக்கு, சரி. பார்க்கற உரிமை யாருக்குன்னு கேக்கறேன்."

சிவப்புக் கோடு

பத்து வருஷம் யாரும் எடுக்காத ஃபைலுக்குச் சிவப்புக் கோடு போட்டு, காகிதக் கூழாக்க அனுப்பச் சொன்னார். குழந்தைகளின் ஆபரேஷன் ஃபைலை எப்படி அழிப்பது? குழந்தை வளர்ந்து ஒருநாள் வருமே. எடுத்ததாகப் பதிவேட்டில் எழுதினால் இன்னும் பத்து வருஷம் ஆயுள் என்பதும் அவர் போட்ட விதிதான். நானே எடுத்து, நானே வைத்து, நாற்பத்து மூன்று ஃபைலுக்குக் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன ஓய், டாக்டருக்குப் படிக்கப் போறீரா?"

நொச்சிக்குப்பம் லட்சுமி

அடுத்த வருஷமே நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் விற்கும் கன்னியம்மா வந்தார். மகள் லட்சுமிக்கு மூன்று வயதில் இங்கேதான் இதய ஆபரேஷன். இப்போது ஆறு மாதக் கர்ப்பம். அப்போது என்ன செய்தார்கள் என்று தெரியாமல் பிரசவம் பார்க்க டாக்டர் தயங்குகிறாராம்.

பெயர், ஊர் பார்த்து இரண்டே நிமிஷத்தில் எடுத்து நீட்டினேன். ராமநாதன் குறுக்கே வந்தார். லட்சுமியே நேரில் வந்து விவரம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கர்ப்பிணியை அலைக்கழிக்கிறாரே என்று மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

மதியம் லட்சுமி ஆட்டோவில் வந்தாள். ராமநாதன் அப்பா பெயர் கேட்டார். ஏழுமலை என்றாள். என் கையிலிருந்த ஃபைலில் தனபால் என்றிருந்தது. அதே பெயர், அதே குப்பம், வேறு குழந்தை, வேறு ஆபரேஷன். நீட்டிய ஃபைலை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஃபைல் கட்டுக்குள் சரியான ஃபைல் இருந்தது, அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று. ராமநாதன் பதிவேட்டில் என் கையெழுத்தையும் ஃபைல் மேல் போட்டிருந்த சிவப்புக் கோட்டையும் பார்த்துவிட்டு, கன்னியம்மாவிடம் நடந்ததை அவரே சொன்னார். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு இல்லாட்டி ஃபைலு இல்ல, அவரு இல்லாட்டி வேற புள்ள ஃபைலு. யாருக்கு நைனா நான் கும்புடு போடறது?"

சாவி கடைசிவரை என்னிடம்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து எந்த ஃபைலை எடுத்தாலும், முதலில் அப்பா பெயரைக் கேட்டுவிட்டுத்தான் தலைக்கனத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன்.