எங்கள் வீட்டு மழை

மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். வெளியே ஊசித் தூறல், ஆறு பாகைக் குளிர். லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணத்துக்கு நடுவே, நானும் என் பேத்தி ஆரணியும் ஒரு மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பிறர் எழுத்தைத் தன்னுடையதென்று ஒப்படைத்தாள் என்பது அவள் மேலான குற்றச்சாட்டு. அது உறுதியானால் அந்த ஆண்டையே திரும்பப் படிக்க வேண்டும். பதற்றத்தில் நான் கூரையின் சதுரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அம்மப்பா, ப்ளீஸ், வாய்விட்டு எண்ணாதேங்கோ," என்றாள். அறுபத்திரண்டில் நிறுத்தினேன்.

அவள் எடுத்தது ஒரு மழையை. அந்த மழை எங்கள் வீட்டுடையது.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில், மாரி தொடங்கியதும் ஏழாம் வகுப்பில் "ஒரு மழைநாள்" என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூத்தவரான தங்கராணியக்கா தன் பன்னிரண்டாவது வயதில் அந்தக் கட்டுரையை எழுதினார். பின்னால் வந்த நாங்கள் நால்வரும் ஏழாம் வகுப்பை எட்டும்போது, அண்ணனின் சட்டையும் புத்தகப்பையும் இறங்கி வந்ததுபோலவே அதுவும் இறங்கி வந்தது. "மழை எங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் வரும் விருந்தாளி; படலையில் செருப்பைக் கழற்றாமல் நேரே குசினி வரை வந்துவிடும்" என்று அது தொடங்கும். அக்காவின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். மழை ஒழுகும் அந்தக் "குசினி"யிலேயே தேங்காய் துருவியபடி அவர் வரிவரியாகச் சொல்ல, நாங்கள் "பாடமாக்க" வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் துருவலைக்கட்டை நின்றுவிடும். "முதலிலை இருந்து சொல்லு," என்பார்.

நான்காவது பிள்ளையான என் முறை வந்தபோது, வகுப்பில் எழுந்து முதல் வரியை வாசித்தேன். சின்னத்துரை வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

"வந்திட்டுதடா உங்கட வீட்டு மழை! உன்ர மூத்த கொக்காட்டைச் சொல்லு, அடுத்த முறை இடியையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி."

வகுப்பே சிரித்தது; ஆனால் என் மூத்தவர்களுக்குப் போட்டதுபோல எனக்கும் பத்துக்கு எட்டுப் புள்ளி போட்டார். இதே வாத்தியார், பக்கத்துப் பையனின் கொப்பியை எட்டிப் "பார்த்தெழுதினால்" முழங்காலில் நிறுத்திவிடுவார். கண்ணால் எடுத்தால் களவு, நெஞ்சில் ஏற்றி எடுத்தால் கல்வி. அதுதான் எங்கள் ஊர்ச் சட்டம். இதில் வெட்கப்பட ஏதாவது உண்டா என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "கிணறு ஒண்டு, வாளி ஆளுக்கொண்டு. அள்ளுறதுக்கு என்ன வெக்கம்?" என்றுவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

அந்த மழையை நான் இங்கிலாந்துக்கும் கொண்டுவந்தேன். பேரப்பிள்ளைகளுக்குச் சோறு "தீத்தும்"போதெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். பாடமாக்கிப் பழகியவன் என்பதால் எப்போதும் அதே சொற்களில். வகுப்பில் குடும்ப நினைவு ஒன்றை எழுதச் சொன்னபோது, கனடாவில் ரொறன்ரோவில் படிக்கும் என் பேரன் அதை எழுதினான். அடுத்த ஆண்டு, அவன் எழுதியது தெரியாமல், ஆரணியும் எழுதினாள். இரண்டு நாட்டு மழையையும் ஒப்பிட்டுப் பார்த்த மென்பொருள் பதினொரு வாக்கியங்களைச் சிவப்பில் காட்டியது. ரொறன்ரோவில் ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு விவரம் கேட்டுச் சிரித்ததோடு முடிந்தது. இங்கே மூவர் கொண்ட விசாரணைக் குழு. மதுரையிலிருந்து வந்து கிங்ஸ்பரியில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் பொறியாளருக்கோ இது விளங்கவேயில்லை: "எங்க காலேஜ்ல சீனியரோட ரெக்கார்டை அப்படியே எழுதலேன்னாதான் சார் திட்டுவாங்க!"

கதவு திறந்தது; உள்ளே போய் உட்கார்ந்தோம். குழுத் தலைவி என் வயதில் பாதி இருப்பார், மென்மையாகத்தான் பேசினார். அந்த வரிகளைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எழுந்து நின்று, கைகளைப் பக்கத்தில் வைத்து, பதினொன்றையும் சொன்னேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு சொல்லும் பிசகாமல் முடித்து உட்கார்ந்தேன்.

"அப்படியானால் இவை உங்கள் வரிகளா?" என்றார்.

"எங்கள் வீட்டு வரிகள்," என்றேன்.

"வீடு எழுதுவதில்லையே ஐயா. யாரோ ஒருவர்தானே எழுதியிருப்பார்?"

இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. வாத்தியார் கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நாங்கள் நால்வரும் எங்களையே கேட்டதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அக்கா காலமாகும்வரை அவர் பெயர் அச்சில் வந்தது ஒரேயொரு முறை, கல்யாணக் கார்டில். அடுத்தது மரண அறிவித்தலில்.

"தங்கராணி. அப்போது பன்னிரண்டு வயது," என்றேன். அவர் பேனாவை எடுத்து, எழுத்துக் கூட்டச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். ஆரணி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆண்டு தப்பியது. எழுதியவரின் பெயரைக் குறிப்பிட்டுக் கட்டுரையைத் திருத்தி ஒப்படைக்க வேண்டும். சித்தியடைய, பாஸாக, வேண்டிய அளவுக்கு மேல் புள்ளி கிடையாது. கீழே இறங்கித் தேநீர் குடிக்கும்போது, "ஏன் அம்மப்பா இவ்வளவு நாளும் அவவின்ர பேரைச் சொல்லேல்லை?" என்று கேட்டாள். நான் தேநீர் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

வாத்தியார் இப்போது இல்லை. அந்தக் குசினியும் கிணறும் இல்லை. எங்கள் ஐவரில் மிஞ்சியிருப்பது நானும் தங்கச்சியும். அவளுக்கோ முதல் வரிக்கு மேல் நினைவில்லையாம். அந்த மழையை ஒரு சொல் பிசகாமல் வைத்திருப்பவர்கள் இன்று உலகில் இருவர்தான்: நானும் அந்த மென்பொருளும். ஆரணி திருத்தி எழுதிய கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், அடிக்குறிப்பு ஒன்றில், அக்காவின் பெயர் மூன்றாம் முறையாக அச்சில் இருக்கிறது. அதை நூலகத்துக்குக் கொண்டுபோய் ஐந்து பிரதி எடுத்தேன், அந்த வீட்டின் பிள்ளைக்கு ஒன்றாக.

இந்த மழைக்கு ஆன செலவுக் கணக்கு இது: முதியோர் பாஸ் இருப்பதால் பயணத்துக்குச் செலவில்லை. தேநீர் இரண்டு, ஆறு பவுண் நாற்பது பென்ஸ். பிரதி ஐந்து, ஒரு பவுண். ஆக மொத்தம் ஏழு பவுண் நாற்பது பென்ஸ்.