ஒரே பாயில் ரெண்டு ஜெபம்

உட்கார்ந்துக்கிட்டே பேசுறேன், சபையார் மன்னிக்கணும். காலையில முதல் வண்டிக்குப் புக்கிட் பாஞ்சாங்ல ரயிலேறி, டேங்க் ரோட்டுல இறங்கி, இந்தச் சிராங்கூன் ரோடு வரைக்கும் பிள்ளைகளை இழுத்துக்கிட்டு நடந்து வந்திருக்கோம். கால் ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல. வெளியில அசன விருந்துக்குச் சோறு வடிக்கிறாங்க. குழம்பு வாசம் உள்ள வரைக்கும் வருது. உங்களுக்குப் பசி, எனக்கும் பசி. ஆனா உபதேசியார் ஐயா, "அன்னபாக்கியம், வருஷா வருஷம் சாக்குச் சொல்றே, இந்த ஸ்தோத்திரப் பண்டிகைக்காவது நீ எந்திரிச்சு சாட்சி சொல்லணும்"னுட்டாங்க. எந்திரிக்கத்தான் முடியல. சாட்சியைச் சொல்லிடுறேன்.

நாங்க முந்தி இந்தத் தெருவுக்குப் பின்னால, எருமைக் கொட்டிலை ஒட்டுன ஒரு அறையிலதான் குடியிருந்தோம். பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழை பெஞ்சா வாசல்ல நாலு நாளைக்குத் தண்ணி நிக்கும். அந்த அறையிலதான் எங்க மூத்தவன் சாமுவேல் காய்ச்சல்ல போனான். மூணு வயசு. நாலே நாள். உங்கள்ல எத்தனை பேர் அன்னைக்கு வந்து நின்னீங்கன்னு எனக்குத் தெரியும், மறக்கல.

அவன் போனதுக்கப்புறம் நான் ஒரு மனுஷியா இல்ல. காலையில எந்திரிப்பேன், அடுப்பை மூட்டுவேன், பாத்திரம் விளக்குவேன். எல்லாம் கைதான் செஞ்சுச்சு, நான் செய்யல. அழுகைகூட வரல, அவ்வளவு அலுப்பு. அப்ப கைக்குழந்தையா இருந்தது கிருபை. அதுக்கு ஒண்ணரை வயசு ஆனப்ப அதுக்கும் முறைக்காய்ச்சல் பிடிச்சுக்கிச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லி வச்ச மாதிரி உச்சிவேளைக்கு உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். "ஆண்டவரே, இதையும் கேக்குறீரா?"ன்னு நான் சத்தம் போட்டே கேட்டிருக்கேன். இது சபை நடுவுல சொல்ற பேச்சு இல்லதான். ஆனா கேட்டேன்.

இந்த அறையில இனி இருந்தா பிள்ளை தங்காது. இதுல மட்டும் எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே எண்ணம். எங்கே போறதுங்கிறதுலதான் வெட்டுப்பழி.

அது டிராம் வண்டி ஓட ஆரம்பிச்ச வருஷம். டிராம் போய் நிக்கிற பாய லேபார்ல என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன், தோட்டம் போட்டிருந்தாங்க. பக்கத்துல ஓலை வேய்ஞ்ச அத்தாப்பு வீடு ஒண்ணு காலியா இருக்கு, வந்துருங்கன்னு ஆள் விட்டாங்க. எங்க வீட்டுக்காரர் வேதமாணிக்கத்துக்கோ அப்ப டேங்க் ரோடு ஸ்டேஷன்ல வேலை. தண்டவாளம் பாக்குற கூட்டத்துக்குத் தலைவனா, 'மேட்'டா போறியா, புக்கிட் பாஞ்சாங்ல லைன் வீடு தர்றோம்னு ரயில்வேயில கேட்டாங்க. ரெண்டும் ஒரே வாரத்துல வந்துச்சு. ரெண்டு இடத்துக்கும் அடுத்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்.

எனக்குப் பாய லேபார்தான். டிராம் ஏறினா கோயிலுக்கு வந்துரலாம். பேச்சுத்துணைக்கு அண்ணி இருக்காங்க. பிள்ளை வளர்ந்தா படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கு. அவர் ஒரே பிடியா நின்னார். "அங்கேயும் சேறுதானே, பாக்கியம்? சேறுதான் சாமுவேலைத் தின்னுச்சு. எனக்கு மேட்டு நிலம் வேணும்."

"புக்கிட் பாஞ்சாங்ல புலி இருக்குங்க."

"இங்கே எருமை இருக்கு. அதுகூட இருந்து என்ன வாழ்ந்துட்டோம்?"

இப்படியே பத்து நாள். கடைசியில உபதேசியார் ஐயாகிட்டப் போனோம். "மனுஷர்கிட்ட வழக்காடினது போதும், ஆண்டவர்கிட்டக் கேளுங்க"ன்னாங்க. சரின்னு வந்துட்டோம். அதோட வீட்டுல சண்டை நின்னுபோச்சு. நான்கூட, ஆகா, மனுஷன் இறங்கி வந்துட்டாரேன்னு நினைச்சேன்.

நான் வெள்ளிக்கிழமை உபவாசம் எடுத்தேன். உபவாசம் இருக்கிறது வெளியில தெரியக்கூடாது, முகத்தைத் தொங்கப் போடக்கூடாது, தலைக்கு எண்ணெய் வச்சு முகம் கழுவிப் பளிச்சுன்னு இருக்கணும்னுதானே நமக்குப் போதிச்சிருக்காங்க? நானும் அப்படியே செஞ்சேன். அவருக்கு மட்டும் சோறு பொங்கித் தூக்குச்சட்டியில போட்டுக் கொடுத்து அனுப்பிட்டு, நான் பச்சைத் தண்ணி பல்லுல படாம விளக்கு வைக்கிற வரைக்கும் இருப்பேன். "ஆண்டவரே, பாய லேபாருக்குப் போகணும். அந்த மனுஷன் மனசை மாத்தும். அந்த ரயில் வீட்டை வேற யாருக்காவது கொடுத்துரும்." இதுதான் என் ஜெபம். கிருபைக்குச் சுகம் வேணும்னு கேட்டேனா? கேட்டிருப்பேன். ஆனா முதல்ல கேட்டது வீட்டைத்தான்.

ரெண்டாவது வெள்ளிக்கிழமை ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் தலைக்கு எண்ணெய் வச்சு வகிடெடுத்துட்டு வேலைக்குப் போறார். கல்யாணத்தன்னைக்குக்கூட அந்தத் தலை சீப்பைக் கண்டதில்ல. சாயங்காலம் தூக்குச்சட்டி வந்துச்சு. புளியும் சாம்பலும் போட்டு விளக்கினது, முகம் பாக்கலாம். அவர் கழுவினா நாலு பருக்கை ஒட்டிக்கிட்டு வரும், அதுதான் அவர் கழுவினதுக்கு அடையாளம். இது பொம்பளை கை.

மூணாவது வெள்ளிக்கிழமை சட்டியைத் திறந்தா உள்ள ரெண்டு வெத்தலை. அவர் வெத்தலை போட மாட்டார். நம்ம ஊர்ப் பக்கத்துல ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறும் பாத்திரமாத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒண்ணுமில்லேன்னா ஒரு வெத்தலையாவது வச்சுக் கொடுப்போம். அப்ப என் சோத்தை எவளோ சாப்பிடுறா, மரியாதையாச் சட்டியைத் திருப்பியும் அனுப்புறா. என் வயிறு எரிஞ்சுச்சு. பசியிலயா, ஆத்திரத்திலயா, எனக்கே தெரியல. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உபவாச நாளாச்சே, சண்டை போடலாமா? அந்த லட்சணத்துல இருந்துச்சு என் பக்தி.

நாலாவது வெள்ளிக்கிழமை கிருபைக்கு முறைக்காய்ச்சல் வர்ற நாள். நல்ல தாயா இருந்தா வீட்டுல இருந்திருப்பேன். நான் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, வெறும் வயித்தோட, உச்சி வெயில்ல டேங்க் ரோட்டுக்கு நடந்தேன். கையும் களவுமா பிடிக்கணும்லா!

ஸ்டேஷன் ஓரத்துல, சரக்குக் கொட்டகை நிழல்ல, ஒரு பொம்பளை உட்கார்ந்து என் தூக்குச்சட்டியில சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. என்னைவிடப் பதினஞ்சு வயசு மூத்தவ. பல்லெல்லாம் கறை. பக்கத்துல தென்னை விளக்குமாறு. ஸ்டேஷன் கூட்டுறவ, பேரு பேச்சி.

"யாரு தாயி?"ன்னா.

"அந்தச் சோத்தைப் பொங்கினவ."

எடுத்த கவளத்தைச் சட்டியில போட்டா. அப்புறம் எந்திரிச்சு, "உன் கைதானா இது? மகராசி, நல்லா இருப்பே. வெள்ளிக்கிழமைன்னா நான் மத்தியானச் சோறு கொண்டாரதே இல்ல"ன்னா.

"எங்க வீட்டுக்காரர் எங்கே?"

"கொட்டகைக்குப் பின்னால முழங்கால் போட்டுக்கிட்டு இருக்காரு. வெள்ளிக்கிழமை அவருக்கு விரதம்லா. பொஞ்சாதிக்குத் தெரியக்கூடாதுன்னாரு. உனக்குத் தெரியவே தெரியாதா?"

சுவரைப் பிடிச்சுக்கிட்டே பின்னால போனேன். எண்ணெய் வச்ச தலையோட மனுஷன் மண்ணுல முழங்கால் போட்டிருந்தார். என்னைப் பாத்ததும், "ஏட்டி, பிள்ளைக்கு என்ன?"ன்னு பதறிட்டார்.

"எதுக்கு உபவாசம் இருக்கீங்க?"ன்னேன்.

"புக்கிட் பாஞ்சாங்குக்காக. உன் மனசு மாறணும்னு." சொல்லிட்டு என் முகத்தைப் பாத்தார், என் தலையைப் பாத்தார். "நீயும் சாப்பிடலையா?"

"நாலு வாரமா வெள்ளிக்கிழமை சாப்பிடல. பாய லேபாருக்காக. உங்க மனசு மாறணும்னு."

ஒரே பாய்ல படுத்துக்கிட்டு, ஒரே நாள்ல பட்டினி கிடந்து, ஒருத்தருக்கு விரோதமா ஒருத்தர் ஜெபம் பண்ணியிருக்கோம். எங்களை வச்சுக்கிட்டு ஆண்டவர் என்ன பாடுபட்டிருப்பார்! சிரிக்கிறதா அழுறதான்னு நிக்கிறோம், தோள்ல பிள்ளை விறைச்சுது.

கண்ணு மேலே செருகிக்கிச்சு. பல்லு கிட்டிச்சு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. சாமுவேலுக்குக் கடைசி நாள்ல இப்படித்தான் இழுத்துச்சு. நான் அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சார். சாமுவேல் போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அவர் என் கையைப் பிடிச்சது. ரெண்டு பேரும் ஒரே வாயா சொன்னோம்: "எங்களுக்கு எந்த ஊரும் வேண்டாம், ஆண்டவரே. பிள்ளையை மட்டும் விட்டுரும்." அவ்வளவுதான் ஜெபம். அதுக்கு மேல வார்த்தை இல்ல.

பேச்சி அதுக்குள்ள தண்ணி கொண்டுவந்துட்டா. தன் முந்தானையைக் கிழிச்சு நனைச்சு, பிள்ளை உடம்பு பூரா ஒத்தி ஒத்தி எடுத்தா. வாய் ஓயாம அவ மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கிட்டே செஞ்சா. நான் தடுக்கல. சபையார் என்ன நினைச்சாலும் சரி, இருந்ததைத்தான் சொல்லணும். செஞ்சுக்கிட்டே, "டிரஸ்ஸர் ஐயா! டிரஸ்ஸர் ஐயா!"ன்னு ஸ்டேஷன் அதிரக் கத்தினா. ரயில்வேக்கு மருந்து கட்டுற யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர், வாரத்துல ரெண்டு நாள்தான் டேங்க் ரோட்டுல இருக்கிறவர், அன்னைக்கு அங்கே இருந்தார். ஓடி வந்தார். அவர் வந்து தொட்டப்ப இழுப்பு நின்னு, பிள்ளை "ங்கா"ன்னு அழுதுச்சு. அந்த அழுகை மாதிரி இனிமையா நான் ஒரு பாட்டும் கேட்டதில்ல.

"பிள்ளைக்கு எத்தனை நாளாய்க் காய்ச்சல்?"னு கேட்டார். ரெண்டு மாசம்னோம். "ரெண்டு மாதமாய் ஏன் கொண்டு வரேல்லை? ஸ்டேஷன் ஆக்களின்ர பிள்ளையளுக்கு நான் மருந்து குடுக்கிறனான் தானே?" ரெண்டு மாசமா நாங்க வீட்டைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தோம், மருந்தைப் பத்தி யோசிக்கல. அவர் முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்தைத் தேன்ல குழைச்சுப் பிள்ளை நாக்குல தடவினார். எப்படிக் கொடுக்கணும்னு சொல்லிக் கையிலயும் கொடுத்தார்.

அப்புறம் பேச்சி தூக்குச்சட்டியை எங்க முன்னால வச்சா. அவ சாப்பிட்டது போக மீதி. "ரெண்டு பேரும் மயங்கி விழுறதுக்குள்ள இதைச் சாப்பிடுங்க"ன்னா. உடனே, "என் கை பட்டது, வேண்டாம்னா விட்ருங்க"ன்னும் சொன்னா. ஊர்ல இருந்திருந்தா எங்கம்மா அதுக்கப்புறம் என்னை வீட்டு வாசல் மிதிக்க விட்டிருக்க மாட்டா. நான் கையை விட்டுப் பிசைஞ்சேன். அவருக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். நாலு வாரத்து உபவாசம் அப்படித்தான் முடிஞ்சுச்சு. ஆண்டவர் முன்னால சொல்றேன், அந்தச் சோறு மாதிரி ருசி அதுக்கப்புறம் இல்ல.

வீட்டுக்கு நடக்கும்போது நான், "புக்கிட் பாஞ்சாங்குக்கே போவோங்க"ன்னேன். அவர் அதே நேரத்துல, "பாய லேபாருக்கே போவோம், பாக்கியம்"னார். மறுபடியும் ஆளுக்கொரு திசை! நடு ரோட்டுல நின்னு சிரிச்சோம். சாமுவேலுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சோம்.

கிருபைக்கு அடுத்த முறைக்கு உடம்பு லேசா காஞ்சுது. அதுக்கடுத்த முறை நாள் சும்மா போயிருச்சு. நான் உச்சிவேளையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் அது நெத்தியிலயே கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வரல. திரும்பவும் வரல.

எந்த ஊர்னு டிரஸ்ஸர்கிட்டயே கேட்டோம். "காய்ச்சல் சேற்றிலும் இருக்கு, காட்டிலும் இருக்கு. காய்ச்சல் இல்லாத ஊரை நான் காணேல்லை. ஆனால் புக்கிட் பாஞ்சாங்குக்குக் கிழமைக்கொருக்கால் நான் ரயில்ல வருவன்"னார். வாரம் ஒரு தடவை மருந்தே தேடி வருது, அதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்? போயிட்டோம்.

அங்கே போய் சுகமா இருக்கேன்னு பொய் சொல்ல மாட்டேன். அட்டை கடிக்குது. உப்புத் தீந்துபோனா அடுத்த வண்டி வரைக்கும் உப்பில்ல. புலி உறுமுறதைக் கேட்டு ஒரு ராத்திரி பூரா கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருக்கேன். கோயில் மணிச் சத்தத்துக்கு ஏங்கி மொத வருஷம் பூரா அழுதேன். இன்னைக்கும் எனக்கு அலுப்புத்தான். ஆனா அலுத்த ரெண்டு பேரும் ஒரே பக்கமாச் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கோம். வெள்ளிக்கிழமை காலையில, "இன்னைக்கு எதுக்கு ஜெபம் பண்ணப்போறீங்க?"ன்னு அவரை வாய்விட்டுக் கேட்டுருவேன். அவரும் கேப்பார். ஒத்துவரலேன்னா முதல்ல சண்டையைப் போட்டு முடிச்சுட்டுத்தான் முழங்கால் போடுவோம்.

அந்த மூணாவது பெஞ்சுல தூங்கி வழியிறதுதான் கிருபை. ஏழு வயசாச்சு. பேச்சி வெளியில அசனத்துக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா. "உள்ள வாக்கா"ன்னு கூப்பிட்டா, "உன் ஆண்டவருக்கும் என் ஆத்தாவுக்கும் சண்டை மூட்டாதே"ம்பா. நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன்.

அலுத்துப்போய் இங்கே உட்கார்ந்திருக்கிறவங்க யாராவது இருந்தா, உங்களுக்குத்தான் சொல்றேன். ஊரைக் கேக்காதீங்க, வீட்டைக் கேக்காதீங்க. பக்கத்துல இருக்கிற ஆள் கையைப் பிடிச்சுக்கிட்டு, எது இல்லேன்னா செத்துருவோமோ அதைக் கேளுங்க. ஆண்டவர் கேப்பார். எனக்குக் கேட்டார்.

அவர் நிறைச்சுக் கொடுத்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாத் திருப்பிக் கொடுக்கக்கூடாதுல்லா? எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. இந்தச் சாட்சிதான் நான் வைக்கிற ரெண்டு வெத்தலை. வாங்க, சாப்பிடப் போவோம். நான் பேச்சி பக்கத்துல உட்காரணும்.