நான் எடுத்துக் கொடுத்த வசனம்

என் தங்கை கன்னட மேடையில் பேர் வாங்கிய நடிகை. பிறகு சினிமாவிலும் வாங்கினாள். அவள் வசனமெல்லாம் எனக்கும் மனப்பாடம். மைசூரு விஜயநகரில் என் வீட்டுச் சமையலறைதான் அவளுக்கு ஒத்திகைக் கூடம். நான் சப்பாத்தி இட்டபடியே எதிராளியின் வசனத்தைச் சொல்வேன், அவள் பதில் சொல்வாள். நாங்கள் சண்டை போடுவது கொள்ளேகாலத் தமிழில், அவள் அழுது பழகுவது கன்னடத்தில்.

சினிமாதான் அவளைக் கெடுத்தது என்பேன். அங்கே கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வசனத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுப்பார். இவள் திருப்பிச் சொன்னால் போதும். எட்டு வருடம் அப்படியே ஓடியது, விருதும் வந்தது. போன வருடம் மறுபடி மேடை ஏறினாள். பெங்களூரில் முதல் காட்சியிலேயே வசனம் மறந்து நின்றுவிட்டாள். மைசூரிலும் அப்படி நடந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று இயக்குநர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மூன்று நாள் என் வீட்டில் தங்கினாள். சாப்பாடே இறங்கவில்லை.

"பேடக்கா, வேணாம், நீ வராதே. உன்னப் பாத்தா எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் கிளம்பியதும் ஆட்டோ பிடித்தேன். நாடகம் தொடங்க மூன்றாவது மணி அடிக்கும்போது நான்காவது வரிசையில் இருந்தேன்.

கதையில் அவள் ஒரு தாய். காவல் நிலையத்தில் ஒரு சட்டையைக் காட்டி, உன் மகனுடையதா என்று கேட்பார்கள். அவனுடையதுதான் என்றாலும் அவள் மறுக்க வேண்டும். அதுவரை ஒரு சொல் பிசகவில்லை. சட்டையைக் கையில் வாங்கினாள். பேசவில்லை. காலரைத் தடவினாள். அப்போதும் பேசவில்லை. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. போச்சு, மறந்துவிட்டாள், இன்றோடு முடிந்தது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?

"இது நன்ன மகன அங்கி அல்ல!"

இது என் மகன் சட்டை இல்லை என்கிற அந்த வசனத்தை, சமையலறையில் சொல்லும் அதே குரலில் நானே சொல்லிவிட்டேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு அரங்கு முழுக்கப் பரவியது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சிரிப்பு அடங்கும்வரை சட்டையையே பார்த்திருந்துவிட்டு அதே வசனத்தைச் சொன்னாள். அதற்குள் காட்சி செத்துப்போயிருந்தது.

நாடகம் முடிந்து ஒப்பனை அறைக்குப் போனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டேன்னு நெனச்சியாக்கா?"

"நீ பாட்டுக்கு நின்னுட்டே... நான் என்ன பண்ணுவேன் கண்ணு?"

"மறக்கல. பெத்தவளுக்கு அவ்வளவு சுலபமாப் பொய் வருமா? அதான் நின்னேன். நேத்து ரிகர்சல்ல டைரக்டரே ஒத்துக்கிட்டாரு. அத்தன பேரும் என்ன நம்பி உக்காந்திருந்தாங்க. நீ ஒருத்திதான் நம்பல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. அவள் களைப்பாகச் சொன்னாள். அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நாளைக்கும் ஷோ இருக்குதல்ல. நான் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வாயை மூடிட்டு இருப்பியா?"

இருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் நான் போகவில்லை.