இருபது பேருக்கும் இடது முழங்கால் வலி

நேற்று ஜெராக்ஸ் கடையில் சூடு ஆறாத தாள்களைக் கையில் வாங்கினேன். அந்த வாசனை என்னை இழுத்துக்கொண்டு போய், ஆரணியில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் கிளை அலுவலகம் அது, பட்டுச்சேலைக் கடையின் மாடியில். கீழே முகூர்த்தக் கூட்டம் சேர்ந்துவிட்டால் எங்கள் படிக்கட்டில் கால் வைக்க இடமிருக்காது.

அப்போது நான் இன்னும் நிரந்தரமாகாத இளநிலை உதவியாளர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டிய பிறவி. சென்னையிலிருந்து ஒருவர் வந்து, மாணவர்களிடம் கனிவாக நடந்துகொள்வது பற்றி எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். அவர் கனிவைப் பற்றிப் பேசிய வேகத்தில் மூன்று நாளும் மதியச் சாப்பாடு ஆறிப்போனதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பயிற்சியால் பயன் உண்டா என்று மதிப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அறிக்கை சரியாக வராவிட்டால் நிரந்தரத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று கண்காணிப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தால்தான் பயம்.

படிவம் கொடுத்து வாங்கினேன். ‘பயிற்சிக்குப் பின் உங்களிடம் கண்ட மாற்றம்’ என்ற கேள்விக்கு இருபது பேரும் ஒரே பதில் எழுதியிருந்தார்கள்: ‘இடது முழங்காலில் வலி.’ விசாரித்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று நாள் உட்கார்ந்த பலனைப் பதிவறை ஏழுமலை அண்ணன் உள்ளபடி எழுதியிருக்கிறார். மற்றவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் அதை அப்படியே எழுதிவிட்டார்கள். கண்காணிப்பாளரும்தான்.

படிவம் தராதவர் சான்றிதழ்ப் பிரிவு ரோசலின் மேடம் மட்டுமே. அவரிடம் போய் நின்றேன்.

“பேஜார் பண்ணாத தம்பி. மூணு நாள் வேலை அப்படியே தேங்கிக் கெடக்குது.”

கவுன்ட்டர் சன்னலுக்கு வெளியே தேசூரிலிருந்து வந்த ஒரு பெண் நின்றிருந்தாள். பட்டச் சான்றிதழுக்காக நான்காவது தடவை வந்திருக்கிறாள். மறுநாள் காலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவளுக்கு வேலை. வேறு வழி தெரியாமல் அவளிடமே கேட்டேன், எங்களிடம் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “தெரியுதுங்க சார். முன்னாடி ‘நாளைக்கு வா’ன்னுவாங்க. இப்ப ‘நாளைக்கு வாங்க’ன்றாங்க.”

ரோசலின் மேடத்தின் பேனா நின்றது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து பதிவறைக்குள் போனார். அரை மணி நேரம் கழித்துச் சேலையெல்லாம் தூசியாக வந்தார். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடும்வரை அவர் மேசை முன்னாலேயே நின்றார். பிறகு சான்றிதழைச் சன்னல் வழியே நீட்டினார்.

“பஸ்ஸு நின்னுகினு இருக்கும். ஓடு.”

அந்தப் பெண் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அறிக்கையில் எழுதினேன். கண்காணிப்பாளர் இரண்டு தடவை படித்தார். அவர் சிரிக்காதது எனக்குத் தெம்பாக இருந்தது.

“அந்த முழங்கால மட்டும் எடுத்துடுப்பா,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அறிக்கை மிகச் சிறப்பாம். ஆகவே அனைவருக்கும் அதே பயிற்சி இன்னொரு முறையாம். எனக்கு வேலை நிரந்தரமானது. ஒரு மாதம் யாரும் என்னோடு பேசவில்லை.

இப்போது அந்த மாடி சேலைக் கடையின் கிடங்கு. சான்றிதழுக்கு எல்லாரும் செல்போனிலேயே விண்ணப்பிக்கிறார்கள், அது தபாலில் வீடு தேடி வருகிறது. நல்லதுதான். போன மாதம் ஏறிப் பார்த்தேன். கவுன்ட்டர் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எங்கள் லட்சணத்தை எங்கள் முகத்துக்கு நேரே சொல்ல இருந்த இடம் அது ஒன்றுதான்.