சுகந்தியை ரிலீவ் பண்ணலைங்க

செவ்வாய்க்கிழமை காலைல ஒம்பது அம்பத்தஞ்சு. பம்ப் கம்பெனியில ஒரு மோட்டாரை ஓட விட்டு ரீடிங் எடுத்துக்கிட்டு இருந்தேன். வாட்ச்மேன் வந்து, "தம்பி, ஈரோட்டுல இருந்து போனு. உங்க ஊட்டம்மா ஸ்டேஷன்ல மயங்கி உழுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."ன்னு நிறுத்திட்டார். நேரம் எப்படித் தெரியும்னா, ரீடிங் ஷீட்டுல இருக்குது. அதுக்கப்புறமும் ரெண்டு ரீடிங் எழுதியிருக்கேன். கையெழுத்து நல்லாத்தான் இருக்கு.

ஈரோட்டு மில்லு லேப்புல சுகந்திகூட வேலை செஞ்சவங்க நீங்க எல்லாரும். அவளைப் பத்தி எழுதித் தரச் சொன்னீங்க. உங்களுக்குத் தெரியாதது எங்கிட்ட அதிகமில்லை. கல்யாணமாகி ரெண்டு வருசம்தான். அதுல பாதி நாள் அவ ரயில்லதான் இருந்தா.

பீளமேட்டுல குடியிருந்துக்கிட்டு தினம் ஈரோட்டுக்குப் போயிட்டு வருவா. "நூலுக்கு முறுக்கு பாக்கற வேலைங்க. எறங்கறப்ப எனக்கே முறுக்கு ஏறிப்போகுது"ன்னு இடுப்பைப் புடிச்சுக்கிட்டு சிரிப்பா.

இதய வால்வு சரியில்லைன்னு தெரிஞ்சதும், இந்த அலைச்சல் ஆகாதுன்னு டாக்டர் சொன்னார். அதே கம்பெனியோட பீளமேட்டு மில்லு லேப்புல ஒரு எடம் காலி. அங்க மாத்திக் குடுங்கன்னு கேட்டா. ஹெட் ஆபீசும் டிரான்ஸ்பர் ஆர்டர் போட்டுருச்சு. ஈரோட்டு மேனேஜர் அவளை ரிலீவ் பண்ணி அனுப்பிச்சாப் போதும்.

அவர் பண்ணலை. கோவிச்சுக்கவும் இல்லை, மாட்டேன்னும் சொல்லலை. "நீ போயிட்டா லேப்பை யாரு பாக்கறது அம்மணி? புது ஆளு வரட்டும் கண்ணு, நானே கார்ல கொண்டாந்து உட்டுப்போடறேன்"னு சொல்லி, காப்பி வாங்கிக் குடுத்து அனுப்புவாராம்.

நான் ஒரு லெட்டர் டைப் பண்ணிட்டு வந்தேன். ரிலீவ் பண்ணுங்க, முடியாதுன்னா காரணத்தை எழுத்துல குடுங்கன்னு ரெண்டே வரி. "குடுத்துட்டு, லெட்டரோட இன்னொரு காப்பியில கையெழுத்து வாங்கிட்டு வா"ன்னேன்.

"ஏனுங்க, நம்ம கல்யாணத்துக்கு வந்து மொதப் பந்தியில சாப்பிட்ட மனுசனுங்க. அவர்கிட்டப் போயி, வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்கன்னா, உங்களை நம்பலைன்னு சொல்ற மாதிரி ஆகாதுங்களா?"

"சரி, வாயிலயே கேட்டுப் பாரு"ன்னு நானும் உட்டுட்டேன். ரீடிங் இல்லாம ஒரு மோட்டாரைக்கூட வெளிய அனுப்பாதவன் நான். எட்டு மாசம் வாயிலயே கேட்டா.

ஒருக்கா ஊசி போட்டுப் படுத்திருந்தப்ப உங்க லேப்புல இருந்து போன். படுத்துக்கிட்டே மெஷின் செட்டிங் சொன்னா. வெச்சதும், "நான் இல்லாம ஓடாதுன்னு அவர் சொல்றது நெசந்தான் போலிருக்குதுங்க"ன்னா. கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னா.

அவ போனதுக்கப்புறம், போன வாரம் ஹெட் ஆபீஸ் போனேன். கிளார்க் ஃபைலைப் பொரட்டிப் பாத்தார். "ஆர்டர் போட்டா பதினஞ்சு நாள்ல ரிலீவ் பண்ணோணும், இல்லாட்டி மேனேஜர் காரணம் எழுதோணும். இதுல ரெண்டும் இல்லைங்க. அம்மாவும் எழுதிக் கேக்கலை. ஈரோட்டுலயே இருக்க அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு நெனச்சுப்போட்டோம்"னார். எட்டு மாசம் அவ கேட்டதுக்கு அந்த ஃபைல்ல ஒரு வரி இல்லை.

அலைச்சல்தான் காரணமான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க"ன்னார். என்னாலயும் முடியலை. அப்படி இருந்திருந்தா, இப்படி இருந்திருந்தான்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

உங்கள்ல சாந்திக்கு ஒரு வார்த்தை. சாந்தி, உங்க டிரான்ஸ்பரும் அதே மேனேஜர் டேபிள்ல கெடக்குதுன்னு சுகந்தி சொல்லியிருக்கா. இதைப் படிச்ச அன்னைக்கே எழுதிக் குடுங்க. காப்பியில கையெழுத்து வாங்குங்க. அவர் மனசு சங்கடப்பட்டாப் படட்டும். நீங்க வாங்கிட்டீங்களா இல்லையான்னு எனக்கு யாராவது சொல்லியனுப்புங்க. அது தெரியாம எனக்கு இருப்பு கொள்ளாது.

பீளமேட்டு ஸ்டேஷன்ல ரயிலை விட்டு எறங்கினதும், கூட்டத்துல என்னைத் தேடி ஒரு பார்வை பாப்பா. கண்டுபுடிச்சதும் மூஞ்சி தளர்ந்து சிரிக்கும். அவளோடதுன்னு அதைத்தான் வெச்சிருக்கேன்.

இன்னைக்கு ஊட்டுக்கு போன் பண்றேன்னு மேனேஜர் சொல்லியனுப்பியிருக்கார். கண்ணு, தப்புப் பண்ணிப்போட்டேன்னு அழுதாலும் அழுவார். அவர் அழுதா, என் வாயி பழக்கத்துல "பரவாயில்லைங்க"ன்னு சொல்லிப்போடும். அதனால போன் வயரைக் கழட்டி வெச்சிருக்கேன்.