மிளகுக் கிடங்கில் ஓசி டீ

இரண்டாயிரமாம் ஆண்டு வாக்கில் சோளக்காடு என்ற மலையூரில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மிளகை முறத்தில் புடைத்து, தூசியும் காம்பும் பொறுக்குவோம். மாலையானால் முதலாளி பாய் எல்லோருக்கும் டீயும் சூடான போண்டாவும் வாங்கித் தருவார். கூலியில் பிடிக்க மாட்டார். மலைக் குளிருக்கு அந்த டீ தொண்டையில் இறங்கும்போது முதுகுவலிகூடக் கொஞ்சம் மறக்கும்.

ஆனால் குடித்த பிறகு, வேலை நேரம் முடியும் ஐந்து மணிக்கு எழுந்துபோக யாருக்கும் மனசு வராது. எதிரில் இருக்கும் மூட்டையையும் முடித்துவிட்டு இருட்டில்தான் ஊர் திரும்புவோம்.

ஒருநாள் கைக்குழந்தைக்காரி செல்லம்மா டம்ளரைத் தொடவே இல்லை.

"ஏம்மா, டீ ஆறிப் போவுதே?" என்றார் பாய்.

"வேண்டாமுங்க. குடிச்சுப்போட்டா எந்திரிச்சுப் போறதுக்குக் கூச்சமா இருக்குதுங்க. ஊட்டுல புள்ள பாலுக்கு அழுவுமுங்க."

அவளுக்கு வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். பாய் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் எப்பம்மா போவ வேண்டாம்னேன்? குடிச்சுட்டுக் கெளம்பு."

அவள் நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள். மற்ற யாரும் எழவில்லை. நானும் எழவில்லை.

மறுநாள் போண்டாவைத் தின்று, டீயைக் குடித்துவிட்டு, ஐந்து மணிக்கு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தேன். "வாரேனுங்க" என்றேன். பாய் தலையாட்டினார், அவ்வளவுதான். வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து, அடுப்பைக்கூட மூட்டாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எவ்வளவு களைத்துப் போயிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.