பூசையில் இருந்த குறட்டுக் கத்தி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்பாவைவிட அப்பாவின் இடுப்பில் தொங்கிய தோலுறைக்குத்தான் மதிப்பு அதிகம். அதற்குள் இருந்த சாமான், மடித்து வைத்தால் ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான். விரித்தால் குறடு. குறட்டின் ஒரு காலுக்குள் கத்தியும் அரமும் மடங்கிக் கிடக்கும். மற்றக் காலுக்குள் இரண்டு திருப்புளிகள், தகரம் வெட்டுகிற ஒரு கொக்கி, ஒரு தடித்த ஊசி. நாங்கள் அதைக் குறட்டுக் கத்தி என்போம். யார் வீட்டு விளக்குத் திரி உள்ளே விழுந்தாலும், எந்தப் பிள்ளையின் காலில் முள் ஏறினாலும், "டிரைவரண்ணே, அந்தக் குறட்டுக் கத்தியக் கொஞ்சம்..." என்று வாசலில் வந்து நிற்பார்கள். அப்பா அதைக் கையில் கொடுக்கமாட்டார். தானே எழுந்து போய் வேலையை முடித்துவிட்டு வருவார்.

அப்பா தோட்டத்து ஜீப் ஓட்டினார். மடுல்சீமைக்கும் மேலே, மேகம் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும் ஒரு தோட்டம் எங்களுடையது. தார் ரோட்டைத் தொட வேண்டுமென்றால் ஐந்து மைல் கல்லிலும் சேற்றிலும் இறங்க வேண்டும். வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய், தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் அது. துரை ஜீப்பை விட்டுவிட்டுப் போனார். விட்டுப்போகும்போதே அதற்கு வயதாகிவிட்டது. புதுச் சாமான் எதுவும் கிடைக்காது. கம்பியாலும் ரப்பர் துண்டாலும் அப்பாவின் பொறுமையாலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குறட்டுக் கத்தி வந்த கதையை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். துரைக்குக் காட்டுப் பயணம் என்றால் பைத்தியம். மொனராகலைப் பக்கம் ஒரு காட்டு வழியில் அவரோடு போனபோது, பதுளையில் இரும்புக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவின் லொறி மண்ணில் நின்றுபோய்க் கிடந்ததாம். அப்பா இறங்கி, வெறும் கம்பியையும் கல்லையும் வைத்துக்கொண்டு அதைக் கிளப்பிக் கொடுத்தார். அடுத்த மாதம் பதுளைக் கடைவீதியில் அந்த நானா அப்பாவைக் கூப்பிட்டு, மேசைக்கு அடியிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தாராம்.

"டிரைவர், காடு மேடு போற மனுசன் நீங்க. இத இடுப்புல கட்டிக்கங்க. பொண்டாட்டிய மறந்தாலும் இத மறந்திராதீங்க."

இதைச் சொல்லிவிட்டு அப்பா அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மா கோபித்துக்கொண்டவள் போல அடுப்புப் பக்கம் திரும்புவாள். சித்தி விடமாட்டாள்.

"அக்கா, ஒனக்குச் சக்களத்தி வந்துட்டா. தோலுப் பாவாட கட்டிக்கிட்டு அத்தான் இடுப்பவிட்டு எறங்கமாட்டேங்கிறா பாரு."

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் ஒற்றைக் காம்பராவில் எங்களோடுதான் இருந்தாள். கொழுந்து எடுத்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள், விசில் அடிக்கப் பழக்கினாள், ராத்திரியில் ஒரே கம்பளிக்குள் என்னை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்கு ஒன்பது வயது. அம்மாவிடம் அடி வாங்கினால் சித்தியிடம் போவேன். சித்தியிடம் அடி வாங்கினாலும் சித்தியிடம்தான் போவேன்.

அந்த ஜீப்புக்கு ஒரு தீராத வியாதி இருந்தது. பெட்ரோல் வரும் சின்னக் குழாயில் அழுக்கு வந்து அடைத்துக்கொள்ளும். வண்டி இருமி இருமி நின்றுவிடும். அப்பா பதறமாட்டார். மூடியைத் தூக்கி, குறட்டுக் கத்தியால் குழாயின் நட்டைக் கழற்றி, வாயை வைத்து ஊதி, பெட்ரோலைத் துப்பிவிட்டு, திரும்ப மாட்டுவார். ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஐந்து மைலுக்குள் இரண்டு தடவையாவது இது நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து போகிற எனக்கே அந்த இருமல் கேட்டவுடன் அடுத்தது என்ன என்று தெரியும்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் அதை எப்படிச் செய்வோம் என்று சொல்ல வேண்டும். காலையில் தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய பூசை. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, ஜீப்பின் நட்டுக் கழற்றும் ஸ்பானர் பெட்டி என்று எல்லாம் அங்கே சந்தனம் குங்குமத்தோடு அடுக்கப்படும். பூசை முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு, தொழிற்சாலைச் சாவியை வைத்திருக்கும் ஐயா பண்டாரவளையில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விடுவார். லயத்தில் அவரவர் சாமி மேடையில் அவரவர் சாமான். என் சிலேட்டும் புத்தகமும் எங்கள் மேடையில்தான். விறகு வெட்டும் கத்தியும் அங்கே. அப்பாவின் குறட்டுக் கத்தியும் அங்கே, உறையிலிருந்து வெளியே எடுத்து, எல்லாக் கால்களையும் விரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. மறுநாள் காலையில் தேங்காய் உடைத்து மறுபூசை செய்யும் வரைக்கும் எதையும் தொடக்கூடாது. அந்த ஒரு நாள் ஆயுதத்துக்கும் ஓய்வு, எங்கள் சாமி அம்மாள் அதில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. இன்றைக்கும் என் நம்பிக்கை அதுதான்.

எனக்கு அன்றைக்கென்று புத்தகத்தின் மேல் ஆசை வந்தது. மற்ற நாளில் தொடமாட்டேன். மெதுவாகக் கையை நீட்டினேன். சித்தி பார்த்துவிட்டாள்.

"அடியே, கைய வச்ச, சாமி கண்ணக் குத்திப்புடும்! ஒன் கண்ண மட்டுமில்ல. வீட்டுல யாரு மேல ஒனக்கு ஆசையோ அவுங்களையும் சேத்துத்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. யார் மேல் எனக்கு ஆசை என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம், மறுபூசைப் பொங்கலுக்கு விறகு பொறுக்க சித்தி மலைக்காட்டுக்குப் போனாள். கத்தி மேடையில் இருந்ததால் வெறுங்கையோடு போனாள். கத்தி இருந்தால் தள்ளி நின்று கொத்தியிருப்பாள். அது இல்லாததால், காய்ந்து தொங்கிய ஒரு கிளையைக் கையால் பிடித்து இழுத்திருக்கிறாள். மேலே குளவிக் கூடு.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி, கண் இரண்டும் மூடிப்போய், தலைமுடிக்குள் இன்னும் குளவி ஊர்ந்துகொண்டிருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். ஊசி போட்டுவிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னால இவ்வளவுதான் ஏலும். உடன பதுளைக்குக் கொண்டு போங்கோ. மூச்சு இறுகுது. சுணங்காதேங்கோ."

அப்பா ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு வந்து நிறுத்தினார். அம்மா எங்கள் கம்பளியை விரித்து, சித்தியைப் பின்னால் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓலமிட்டு அழுதாள்; வேறெதுவும் அவள் காதில் விழவில்லை. அப்போதுதான் அப்பாவின் கை இடுப்புக்குப் போனது. உறை காலியாக இருந்தது. என்னைப் பார்த்தார்.

"தாயி, ஓடு. மேடையில குறட்டுக் கத்தி இருக்கும். எடுத்திட்டு ஓடியா. சாமிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஓடினேன். காம்பராவில் யாருமில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மாளின் படத்துக்குக் கீழே குறட்டுக் கத்தி ஒரு பெரிய நண்டு மாதிரி எல்லாக் கால்களையும் விரித்துக்கொண்டு இருந்தது. ஒவ்வொரு காலிலும் சிவப்புப் பொட்டு. எல்லாப் பொட்டும் என்னையே பார்த்தன.

கையை நீட்டினேன். காலையில் சித்தி சொன்னது காதில் கேட்டது. சித்தி ஏற்கெனவே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள். இப்போது நான் இதைத் தொட்டால், அம்மாள் என்னைக் குத்தமாட்டாள், சித்தியைத்தான் குத்துவாள். ஒன்பது வயதுக் கணக்கு எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டு விழுந்து கும்பிட்டேன். "தாயே, நான் தொடல. நீ சித்தியக் காப்பாத்திரு." திருநீற்றை மட்டும் ஒரு கை அள்ளிக்கொண்டு திரும்பி ஓடினேன்.

"எங்க?" என்றார் அப்பா.

"அங்க இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். இல்ல."

அப்பா லயத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பின்னால் சித்தியின் மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. அப்பா என்னைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

நான் சித்தியின் நெற்றியில் திருநீறு பூசினேன். வீக்கத்தில் எங்கே நெற்றி என்று தெரியவில்லை. அவள் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"என் மூஞ்சி... பலாப்பழம் மாதிரியா இருக்கு?"

"இல்ல சித்தி, நல்லா இருக்கு" என்றேன். அது அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்.

முதல் இரண்டு மைல் வண்டி நன்றாகத்தான் போனது. அம்மாள் கேட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். மழை தொடங்கியது. சிற்றோடைக்குக் குறுக்கே கல் அடுக்கிய இடத்தில் தண்ணீரில் இறங்கி ஏறியதும், அந்த இருமல் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது இருமலில் வண்டி நின்றது.

அப்பா இறங்கி மூடியைத் தூக்கினார். நானும் இறங்கி, அதற்குப் பிறகு நடந்ததை வண்டிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நட்டை விரலால் திருகிப் பார்த்தார். வேட்டித் துணியைச் சுற்றித் திருகினார். இரண்டு கல்லை எடுத்து இடுக்கிப் பார்த்தார். கல் வழுக்கி அவர் விரல் நகம் பெயர்ந்தது. கடைசியில் குனிந்து பல்லால் கடித்தார். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நட்டின் மூலைகள் தேய்ந்து உருண்டைதான் ஆகின. அசையவில்லை.

"என்னாங்க, இன்னும் எவ்வளவு நேரம்?" அம்மா கத்தினாள். "இவ கையி சில்லுன்னு போவுதுங்க!"

அப்பா வாயில் இரத்தத்தோடு என் பக்கம் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"மேடையில சரியாத்தான் பாத்தியா, தாயி?"

தலையை ஆட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் நனைந்த தலையைத் தன் தோள் துண்டால் மூடிவிட்டுத் திரும்பிப் போய், கைகளை வாயருகே குவித்துக்கொண்டு மலையைப் பார்த்துக் கூவினார்.

கூவல் கேட்டு ஆட்கள் வந்து சேர வெகுநேரம் ஆனது. கம்பளியைத் தடியில் கட்டித் தூளியாக்கி, நான்கு பேர் சித்தியைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். நான் பின்னால் ஓடினேன். வாய் ஓயாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்: நான் தொடல தாயே, நான் தொடல. கீழே தார் ரோடு கறுப்பாகத் தெரிந்த வளைவில், முன்னால் சுமந்தவர் சட்டென்று நின்றார். தூளிக்குள் அந்த விசில் சத்தம் இல்லை. அம்மா சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

சாவு வீட்டில் மறுபூசை ஏது? மேடையில் வைத்தது வைத்தபடி கிடந்தது. பூ அழுகியது. மூன்றாம் நாள் அப்பா அதன் முன் போய் நின்றார். நான் மூலையில் இருந்தேன். குறட்டுக் கத்தியை எடுத்து, ஒவ்வொரு காலாகப் பொட்டைத் துடைத்து, மடித்து, உறைக்குள் போட்டார். என் பக்கம் திரும்பவேயில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"அங்கதான் இருந்திருக்கு! கண்ணு முன்னால இருந்திருக்கு! பின்ன ஏன் எடுத்திட்டுப் போகல?"

"நான்தான் மறந்துட்டேன்" என்றார் அப்பா.

நான் அவரிடம் ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே மறந்துதான் போனார், என்னை அனுப்பியதுகூடச் சோகத்தில் அவருக்கு மறந்துவிட்டது என்றே நம்பினேன். பிழைத்துக்கொண்டேன் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

அம்மா அவரை மன்னிக்கவில்லை. உப்புக்கும் புளிக்கும் வருகிற சின்னச் சண்டையிலும் கடைசியில் அதுதான் வரும். "ஒரு குறட்ட எடுக்க மறந்த மனுசன்தானே நீங்க. என் தங்கச்சியத் தின்னுட்டு நிக்கிறீங்க." அப்பா உடைந்த பல் தெரிய வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார், வெளியே போய்விடுவார். நானாவின் கதையை அதன் பிறகு அவர் சொன்னதேயில்லை. யாரும் கேட்கவுமில்லை. அம்மா இறக்கும் வரைக்கும் அப்படித்தான்.

இன்னொன்றும் நடந்தது. அடுத்த வருஷ ஆயுத பூசையில் அப்பா குறட்டுக் கத்தியை மேடையில் வைக்கவில்லை. இடுப்பிலேயே கட்டிக்கொண்டு கும்பிட்டார். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். டிரைவருக்குச் சாமியோடு கோபம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்தேன். அப்பாவைத் தண்டித்துவிடாதே என்று அம்மாளிடம் அவருக்காக வேண்டிக்கொண்டேன். பூசையன்று நான் விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்தால், அவர் கை தானாகப் போய் அந்தத் தோலுறையைப் பொத்திக்கொள்ளும். நான் கடந்து போகும் வரை எடுக்கமாட்டார்.

சாமியின் கண்ணில் படாமல் மறைக்கிறார் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அவர் மறைத்தது என் கண்ணிலிருந்து என்று தெரிந்துகொள்ள, நான் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்க்க வேண்டியிருந்தது. அதற்குள் அப்பா போய்விட்டார்.